எண்ணெய் தோய்ந்த கோழிக்குச் செய்யும் சிகிச்சை

2023-ம் வருஷம் டிசம்பர் மாத முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் பெருமழை பெய்தபோது, மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. திருவொற்றியூர், எர்ணாவூர் முதலிய இடங்களில் தாழ்ந்த வீடுகளுக்குள்ளும் புகுந்து சுவர்களில் கறுப்புக் கோடிட்டது. சிறகெல்லாம் எண்ணெய் படிந்து அலைந்த கூழைக்கடாக்களைப் பிடித்துக் காக்க வனத்துறையார் முயன்றனர். மீனவக் குடும்பங்களுக்கும் படகுகளுக்கும் அரசாங்கத்தார் நிவாரணம் அறிவித்தனர். வீட்டுக் கோழியைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. எனினும், நாலு பெட்டை வளர்க்கும் குடும்பத்திற்கு முட்டைக் காசு அற்பமன்று. குழந்தைகள் பெயரிட்டு வளர்க்கும் கோழியாயின் அதன் அருமை காசில் அடங்குவதுமன்று.

கோழிக்கு இறகே கம்பளி. இறகுகளின் இடையில் அடைபட்டிருக்கும் காற்றுதான் தேகச் சூட்டைக் காக்கிறது. அச்சூடு ஏறக்குறைய 106 டிகிரி; மனிதருடையதைவிட மிகுதி. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு இடமில்லாமற் போகிறது. கோழி நடுங்கும், அலகால் இறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கவும் செய்யும். ஆகையால் குளிர், நஞ்சு என்னும் இரண்டு சத்துருக்கள் ஒருங்கே தாக்குகின்றன.

இந்நிலையில் அநேகர் செய்யும் தவறு, பார்த்த மாத்திரத்தில் கோழியைத் தண்ணீரில் முக்குவதே. சூடிழந்து சோர்ந்த பக்ஷி அந்த ஸ்நானத்திலேயே உயிரை விடக்கூடும். கையிற்பட்ட தாரை மண்ணெண்ணெயால் துடைக்கும் வழக்கத்தைக் கோழியிடம் காட்டுவது அதனினும் கேடு; மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், மூச்சையும் கெடுக்கும்.

முதலில் மூக்குத் துவாரங்களையும் அலகையும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, பழந்துணியைத் தளர்த்தியாகச் சுற்றிவிட்டால் இறகைக் கோத இயலாது. காற்றுப் போக்குள்ள அட்டைப் பெட்டியில், மற்றக் கோழிகளிடமிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் மட்டும் 60 வாட் பல்பு எரியலாம். சூடு மிகுந்தால் கோழி மறுமூலைக்கு விலக இடம் வேண்டும். புயல் நாளில் மின்சாரம் ஏது? வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி அருகில் வைத்தாற் போதும். குடிக்க வெதுவெதுப்பான ஜலம் வைக்கலாமேயன்றி வாயில் ஊற்றலாகாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கோழி தானே நின்று, தானே தீனி பொறுக்கும் வரை கழுவும் பேச்சே வேண்டாம். அதற்கு ஒரு நாளும் ஆகலாம்.

பிறகு கழுவுவதற்கு 104 டிகிரி சூடுள்ள நீரில், லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பைக் கலக்க வேண்டும். துணி துவைக்கும் தூள் உதவாது. ஒருவர் சிறகுகளை அணைத்துப் பிடிக்க, மற்றொருவர் கழுத்துக்குக் கீழே இறகின் போக்கிலேயே நீரை வார்த்துத் தடவ வேண்டும்; எதிர்த்துத் தேய்த்தால் இறகு முறியும். நீர் கறுத்தவுடன் மாற்றி, கறுக்காத வரை அப்படியே செய்து, அதே சூடுள்ள நல்ல நீரால் சோப்பு அறவே நீங்க அலச வேண்டும். சோப்பு எஞ்சினாலும் இறகு நனைந்தேயிருக்கும். செய்பவர் ரப்பர் கையுறை அணிவதும், வெளியிடத்தில் செய்வதும் நலம். கழுவி முடிந்ததும் மீண்டும் பெட்டியும் சூடும்.

எச்சம் கறுத்தாலும், கழுத்துத் தொங்கினாலும், தீனி எடுக்காவிட்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்கலாகாது. வட சென்னையாருக்கு வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரமன்று. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. பிழைத்த கோழி சில நாளில் முட்டையிட்டாலும், வைத்தியர் அனுமதிக்கும் வரை அதை உண்ணவோ விற்கவோ கூடாது. பிழைக்காததைக் குழம்பில் இடுவதும் அவ்வாறே.

வெள்ளத்தன்று கூடையின் கீழ்க் கவிழ்த்திருந்த கோழி தப்பிக்க வழியில்லை. அடுத்த மழைக்கு முன், சுவரிலுள்ள கறுப்புக் கோட்டிற்கு ஒரு முழம் மேலாகப் பலகை அடித்துக் கூட்டை அதன்மேல் ஏற்றிவிட வேண்டும்.