தியான் ஷான் சரிவின் ஆப்பிள்கள்

அன்புள்ள வாசகருக்கு,

காட்டு ஆப்பிளில் வைட்டமின் சி கூடுதலாமே, கடையில் வாங்கும் ஆப்பிளில் அது இல்லவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் குறைவு. தோலோடு 100 கிராம் சாப்பிட்டால் சுமார் 5 மில்லிகிராம் கிடைக்கும். அதே எடை ஆரஞ்சில் 50-க்கு மேல், கொய்யாவில் 200-க்கு மேல். வைட்டமின் சி-க்காக மட்டும் என்றால், அந்தக் காசுக்குக் கொய்யாவே வாங்குங்கள்.

அதற்காக ஆப்பிள் இனத்தையே குறைத்து மதிப்பிட வேண்டாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ரிப்ஸ்டன் பிப்பின் ரகத்தில் 100 கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் உண்டு. ரகம் மாறினால் ஆறு மடங்கு வித்தியாசம்!

இத்தனை வேறுபாட்டுக்கும் ஊற்று கஜகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுகள். நாம் உண்ணும் ஆப்பிளின் முதன்மை மூதாதையான மாலஸ் சீவர்சி அங்கே காடாகவே வளர்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் 1929இல் அந்தக் காடுகளைப் பார்த்து, ஆப்பிளின் தாயகம் இதுவே என்றார். 2010இல் வெளியான மரபணுத்தொகுப்பு ஆய்வும் அதை உறுதிசெய்தது.

அங்கே ஒவ்வொரு மரமும் விதையில் முளைத்தது. ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. ஒரு மரத்துப் பழம் இனிக்கும், அடுத்த மரத்துப் பழத்தை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு துவர்ப்பு. வைட்டமின் சி-யும் அப்படித்தான், மரத்துக்கு மரம் மாறும். ஆகவே காட்டுப் பழமெல்லாம் சத்து மிகுந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சதையைவிடத் தோலில்தான் வைட்டமின் சி அதிகம். பழம் சிறுத்தால் எடையில் தோலின் பங்கு கூடும். அந்த வகையில் காட்டுப் பழத்துக்கு ஓர் அனுகூலம். (வீட்டிலும் தோல் சீவாமல், நன்றாகக் கழுவி, நறுக்கியவுடன் சாப்பிடுங்கள்.)

தோட்டத்தில் நடப்பது வேறு. ஒட்டுக்கட்டி ஒரே மரத்தின் நகல்களை ஏக்கர் கணக்கில் நடுகிறோம். பருமன், இனிப்பு, நிறம், குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் தாங்கும் திறன் இவற்றைப் பார்த்தே ரகங்களைத் தேர்ந்தோம். சத்து அந்தக் கணக்கில் சேரவில்லை. கிடங்கில் கிடக்கக் கிடக்க இருப்பதும் குறைகிறது.

என் கவலையெல்லாம் அந்தக் காட்டைப் பற்றித்தான். மலையடிவாரத்து அல்மாட்டி நகரம் விரிய விரிய, மரங்கள் பெருமளவில் அழிந்தன. இன்று மாலஸ் சீவர்சி, அழிவு அபாயத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வவிலோவின் வழியில் வந்த ஆய்வாளர் அய்மக் ஜங்காலியேவ் தம் வாழ்நாளையே அந்த மரங்களுக்குக் கொடுத்தார். 1989 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே சேகரித்த விதைகள் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் மரங்களாகி நிற்கின்றன. நோய் தாங்கும் ரகங்களுக்காக அவற்றை ஆராய்கிறார்கள். சத்துக்காகவும் யாராவது அவற்றில் தேட வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
கட்டுரையாளர்