நாய்க் கழுத்துப்பட்டிக்குப் பின்னல் உறை

இடம்பெயர்ந்தபோது வளர்த்த நாயையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தவர்கள் மிகச் சிலர். திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டதும், அயலில் திரிந்த குட்டியொன்று வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். காவலுக்கு நல்லதென்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் கழுத்தில் ஒன்றும் இல்லாத நாய் யாருடையது, அதற்குத் தடுப்பூசி போட்டதா என்று அயலவருக்குத் தெரியாது. தடுப்பூசி போடும் நாளில் அதைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. நாய்களை உள்ளூராட்சி சபையில் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. ஆகவே கழுத்துப்பட்டி வெறும் அலங்காரப் பொருள் அல்ல.

இந்தப் பாடத்தில் கழுத்துப்பட்டிக்கு மேல் போடும் உறையைக் குரோசே ஊசியால் பின்னப் பழகுவோம். பட்டியையே நூலால் பின்னினால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டாம். குரோசே பின்னல் இழுபடும். ஆட்டையோ பூனையையோ கண்டு நாய் பாயும்போது நூல் நீண்டு, பட்டி தலைவழியே கழன்றுவிடும். இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் நைலோன் பட்டி. நமது பின்னல் அதற்குச் சட்டை மாதிரி.

வலை திருத்திப் பழகிய கைகளுக்கு இது கடினமல்ல. கண்ணியின் அளவு மாறாமல் பின்னுவதுதான் இரண்டிலும் முக்கியம். ஆனால் வலைக்குரிய நைலோன் நூலை இதற்கு எடுக்காதீர்கள். அது கழுத்து மயிரை அறுக்கும். நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி நூலும், 4 மில்லிமீற்றர் குரோசே ஊசியும், 2 சென்ரிமீற்றர் அகலமான நைலோன் பட்டியும், பிளாஸ்ரிக் கொளுவியும் போதும். இரும்புக் கொளுவி நமது உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். நூலை வாங்கியதும் ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும், சாயம் போவதென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

ஒரு கயிற்றால் நாயின் கழுத்தைச் சுற்றி அளவெடுங்கள். கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அளவு 35 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பத்துச் சங்கிலிக் கண்ணிகள் போடுங்கள், திரும்புவதற்கு மேலும் ஒன்று. ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் ஊசியை விட்டு நூலை இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளாலும் ஒரேயடியாக இழுங்கள். இதுதான் ஒற்றைப் பின்னல். வரிசை முடியும்வரை இப்படியே பின்னி, ஒரு சங்கிலி போட்டுத் திரும்புங்கள். புதிதாகப் பழகுபவர்கள் வரிசைக் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவது வழக்கம். அப்போது துண்டு போகப்போக ஒடுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் பத்தையும் எண்ணுங்கள்.

துண்டு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலம் வரும். நீளத்தைப் பட்டியைவிட இரண்டு சென்ரிமீற்றர் குறைவாக நிறுத்துங்கள், பாவிக்கும்போது அது இழுபட்டுச் சரியாகும். பிறகு நீளவாக்கில் மடித்து இரு ஓரங்களையும் தைத்தால் குழாய் ஆகும். அதற்குள் பட்டியை நுழைத்து, கொளுவியைப் பட்டியோடு தையுங்கள், உறையோடு அல்ல. கழுவுவதற்கு உறையைக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும்.

ஓட்டை ஓட்டையான பூப்பின்னல் பார்க்க அழகுதான். ஆனால் நமது நாய்கள் உடைமுள்ளுக்குள்ளும் பனங்கருக்குக்கிடையிலும் புகுந்து வருபவை. பூப்பின்னல் கொளுவிக்கொண்டால் நாய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நெருக்கமான பின்னலே போதும். மணி, பொத்தான் தைக்கவேண்டாம், கடித்து விழுங்கிவிடும். நனைந்த உறையைக் கழுத்தில் விட்டால் புண் வரும். உண்ணியும் அதற்கடியில்தான் ஒளிந்துகொள்ளும், கிழமைக்கு ஒருதடவை கழற்றிப் பாருங்கள். வளரும் குட்டிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரு விரல் சோதனை செய்யவேண்டும். தலைமன்னார் வீதியோரம் இருப்பவர்கள், இரவில் வாகன வெளிச்சம் பட்டு மின்னும் நாடாத் துண்டொன்றை வெளிப்பக்கம் தைத்துவிடுங்கள். மன்னார்க் கழுதைகள் இருட்டில் வாகனங்களில் அடிபடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கழுத்துப்பட்டி போட்டால் மட்டும் விசர்நோய் வராமல் இருக்காது. தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். எப்போது, எங்கே என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலானாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இனி விற்பனை. இது தனியே ஒரு குடும்பத்தை நடத்தும் தொழில் அல்ல. இதற்காகக் கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ வேண்டாம். மூன்று உறைக்கு மட்டும் நூல் வாங்குங்கள். ஒன்றை உங்கள் நாய்க்குப் போட்டு ஒரு மாதம் பாருங்கள், மற்ற இரண்டையும் மாதிரியாக வைத்திருங்கள். பழகிய கைக்கு ஓர் உறை ஒன்றிரண்டு மணித்தியால வேலை. விலை வைக்கும்போது நூல், பட்டி, கொளுவி, பஸ் காசு எல்லாவற்றோடும் அந்த மணித்தியாலக் கூலியையும் எழுதுங்கள். நம் பெண்கள் பெரும்பாலும் தங்கள் கூலியைத்தான் கணக்கில் விடுகிறார்கள்.

வாங்குபவர்களில் பலர் நம் ஊரார் அல்ல, கொழும்பிலும் வெளிநாட்டிலும் நாய் வளர்ப்பவர்கள். 2007இல் ஒட்டாரா குணவர்த்தன தொடங்கிய எம்பார்க், தெருநாய்களின் நலனுக்காகப் பொருட்கள் விற்கிறது. பொருள் எங்கிருந்து, எதற்காக வருகிறது என்பதையும் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெருக்கமரத்தையும் கழுதைகளையும் பார்க்க மன்னாருக்கு வருபவர்களும் அப்படித்தான். உறையில் ஒரு சிறிய கழுதையைத் தைத்தால் அது மன்னார்ப் பொருளாகிவிடும். பெரிய கட்டளை வந்தால் தனியே ஒப்புக்கொள்ளாமல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே நூல் வாங்குங்கள்.

நாய் வளர்க்கும் வழக்கம் இல்லாத குடும்பங்களும் இந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இதே உறை ஆட்டின் கழுத்துப்பட்டிக்கும் பொருந்தும். பத்துக் கண்ணிக்குப் பதில் ஆறு போட்டு, மடிக்காமல் ஒரு வளையத்தோடு தைத்தால் திறப்புக்கோவை ஆகும். பையின் தோள்வாருக்குப் பதினான்கு கண்ணி போடுங்கள்.