இடுப்பு பிடித்துக்கொண்டால்: பிசியோதெரபிக்கு முன்னும் பின்னும்

தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தபோது சுளீர் என்று பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. எங்கள் வீட்டில் அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்த வலி இது.

1. முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் போகச் சிரமமா? பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா? கால் வலுவிழக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? கீழே விழுந்த பிறகு வந்த வலியா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம், பயிற்சி எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. படுத்தே கிடக்காதீர்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 1995-ல் வெளியானது. இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிடவும், உடனே முதுகுப் பயிற்சி தொடங்கியவர்களைவிடவும், வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது கொஞ்சம் படுங்கள். பிறகு எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடங்கள்.

3. எழும்போது அப்படியே நிமிர்ந்து எழாதீர்கள். முழங்காலை மடக்கி ஒருக்களியுங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கையை ஊன்றி உட்காருங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

4. வறுத்த கல்லுப்பை வெள்ளைத்துணியில் மூட்டை கட்டி ஒத்தடம் கொடுக்கலாம். முதலில் உங்கள் புறங்கையில் வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

5. பிசியோதெரபிக்கு எப்போது போவது? பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே நான்கு முறை பிசியோதெரபி எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் சிறிது கூடுதல் பலன் இருந்தது. ஓராண்டில் வித்தியாசம் இல்லை. அதனால் அவசரப்பட்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது அசையவே பயமாக இருக்கிறது என்றால் அவசியம் போங்கள். அந்தப் பயத்தை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் போக்கிவிடுவார். என் கணக்கில் அவர் செய்யும் பெரிய உதவியே அதுதான்.

6. மெஷினை மாட்டிவிட்டு இருபது நிமிடம் படுக்கவைப்பதோடு சிகிச்சை முடிந்தால், "வீட்டில் நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், டிராக்‌ஷன், பெல்ட் ஆகியவற்றை இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் சொல்லிவிட்டது. பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் எதிரில் செய்து காட்டித் திருத்தம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

7. பயிற்சியின்போது காலில் இருந்த வலி இடுப்புப் பக்கம் ஏறினால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

8. தேறிய பிறகும் சில நாள் வாளியைப் பாதி மட்டும் நிரப்புங்கள். உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.