வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசலாமா?

கேள்வி: என் மகனுக்கு 31 வயது. ஒன்பது வருஷமாக மனச்சிதைவு நோய். யாரோ தன்னைத் திட்டுகிற குரல் கேட்கிறது என்பான். கணவர் காலமாகிவிட்டார். மாத்திரை கொடுப்பது, குளிக்கச் சொல்லிக் கெஞ்சுவது, ராத்திரி விழித்திருப்பது எல்லாம் நான்தான். இப்படிப்பட்ட குடும்பத்தினர் மாதம் ஒருமுறை கூடுகிறார்களாம், போய்வாருங்கள் என்கிறார் டாக்டர். கல்யாண வயதில் மகள் இருக்கும்போது இதை வெளியே பேசலாமா? அடுத்தவர் அழுகையைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆனால் ஒழுங்காக நடக்கும் குழுவில், அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதுதான் முதல் விதி. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு கூட்டங்களில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். எதிரே இருப்பவர் வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருக்கலாம்.

அழுகை இருக்கும். அதைவிட அதிகம் இருப்பது அனுபவப் பாடம். 'குரல் கேட்குதுன்னு பையன் சொன்னா, இல்லைன்னு சண்டை போடாதீங்க. உனக்குக் கேட்குது, எனக்குக் கேட்கலை, பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க' என்று ஒரு தகப்பனார் சொல்வார். நாங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், அவர் சொன்னால் அன்று ராத்திரியே செய்து பார்க்கிறார்கள். மாத்திரையால் உடம்பு பருத்துப்போவதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது, தூக்கம் குறைவது நோய் திரும்புவதன் அறிகுறியா என்பதெல்லாம் அங்கேதான் பேச்சு.

உங்கள் மகனுக்காகவும் நீங்கள் போக வேண்டும். லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950-களில் தொடங்கிய ஆய்வுகள், ஓயாத குறைகூறலும் அளவுமீறிய பொத்திப் பாதுகாப்பும் உள்ள வீடுகளில் இந்த நோய் அதிகம் திரும்புவதைக் காட்டின. குடும்பத்தைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் சரியாகத் தூங்காத ஒரு தாய் எப்படிப் பொறுமையாகப் பேசுவாள்? உங்கள் களைப்பைக் குறைப்பதும் அவன் சிகிச்சையில் சேர்த்திதான். அதனால்தான் டாக்டர் சொல்கிறார். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு நோய்க்காக 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பத்தினரோடு சேர்ந்தே வேலை செய்துவருகிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது? எந்தக் கூட்டத்திலும் அது எழாமல் இருக்காது. மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தனக்காகப் பேசும் பிரதிநிதியை மகனே எழுத்தில் நியமிக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவன் தெளிவாக இருக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் கணவர் அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத மகனுக்கான குடும்ப ஓய்வூதியம் பற்றி இப்போதே விசாரியுங்கள். எந்த அலுவலகம், என்னென்ன காகிதம் என்பதை அலைந்து முடித்தவர்கள் குழுவில் இருப்பார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைக் கொடுங்கள் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். கூட்டம் இல்லாத நாளில், நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது மகனோடு மகள் இருக்கட்டும். அடுத்ததற்கு ஒரு சொந்தக்காரரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவளையும் அழைத்துப் போங்கள். இதே வீட்டில்தான் அவளும் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். கேட்க அவளுக்கும் நிறைய இருக்கும்.