வீடு தேடி வரும் செவிலியரும் கையில் உள்ள கணினியும்

காஞ்சன்பாக் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஏவுகணை. இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் 1982-இல் இங்குள்ள டி.ஆர்.டி.எல். ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அக்னி ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த கலவைப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்யப்பட்டது. 3 கிலோ எடையை இழுத்து நடந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது சுமார் 300 கிராம் கருவி. ஐதராபாத் இதய நோய் நிபுணர் டாக்டர் சோமராஜுவுடன் சேர்ந்து அவர் 1998-இல் குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். அதே இருவரும் 2012-இல் வடிவமைத்ததுதான் ‘கலாம்–ராஜு டேப்லெட்’. கிராமப்புற மருத்துவப் பணிக்கென்றே செய்யப்பட்ட, எளிதில் பழுதாகாத கைக்கணினி அது.

எளிதில் பழுதாகாததாக ஏன் இருக்க வேண்டும்? வீடு வீடாகச் செல்லும் செவிலியரின் கருவி வெயில், மழை, தூசி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். பேருந்து நெரிசலில் கீழே விழுந்தாலும் உடையக்கூடாது.

இது என்ன செய்கிறது?

முதலாவது, நினைவு. ஒரு பாட்டியின் இரத்த அழுத்தம் முதல் மாதம் 138, அடுத்த மாதம் 148, பிறகு 160 என்று வைத்துக்கொள்வோம். மூன்று செவிலியர் மூன்று நோட்டுகளில் எழுதினால் இந்த ஏற்றம் யார் கண்ணிலும் படாது. கைக்கணினியில் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும்.

இரண்டாவது, தொடர்பு. சந்தேகம் வந்தால் தொலைவில் உள்ள மருத்துவரிடம் அங்கிருந்தே விவரங்களைக் காட்டிக் கேட்கலாம்.

மூன்றாவது, வேலைச் சுமை குறைதல். ஆந்திரப் பிரதேசத்தில் 2016-இல் கிராம சுகாதாரச் செவிலியருக்கு ‘அன்மோல்’ என்ற டேப்லெட் திட்டம் வந்தது. அதுவரை பல பதிவேடுகளில் கையால் எழுதியதை ஒரே இடத்தில் பதிய வழி கிடைத்தது. சிக்னல் இல்லாத ஊரிலும் அது விவரத்தைச் சேமித்து வைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிடும்.

எது முடியாது?

தவறாக அளந்த எண்ணை இயந்திரம் திருத்தாது, தவறாகவே பத்திரப்படுத்தும். பாட்டியின் கால் வீங்கியிருப்பதையும், மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதையும் செவிலியரின் கண்தான் பார்க்க வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் தவறிப்போகும்.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலருடைய பெற்றோர் தமிழ்நாட்டில் தனியாக இருக்கிறார்கள். அங்கே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு ஆகியவை இதன்மூலம் வீட்டுக்கே வருகின்றன. ஊரில் இருக்கும் பெற்றோரிடம் இவற்றைச் சொல்லி வையுங்கள்:

1. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகை வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து அமைதியாக உட்காரவும். பாதம் தரையில், கை இதய மட்டத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேசக்கூடாது.

2. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே டப்பாவில் வைத்துச் செவிலியரிடம் காட்டவும். விட்டுப்போன நாட்களை மறைக்க வேண்டாம்.

3. கணினியில் ஏற்றிய எண்ணைக் கேட்டு, தேதியுடன் வீட்டு நோட்டிலும் குறித்துக்கொள்ளவும். அவர்கள் இங்கே நம்முடன் தங்க வரும்போது அந்த நோட்டும் கூடவே வரட்டும். இங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் “உடம்பு எப்படியம்மா இருக்கு?” என்று கேட்கிறோம். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். பிள்ளை கவலைப்படக்கூடாது என்று சொல்லும் பதில் அது. இந்த வாரம் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: “நர்ஸ் வந்தாங்களாம்மா? எத்தனைன்னு எழுதினாங்க?”