மூர் நிலத்து இளவேனிற் பறவைகள்

பறவைகள் பருவந்தோறும் நாடுவிட்டு நாடு பெயரும் செய்தி தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றிலே பிசிராந்தையார், தெற்கே இரைதேர்ந்தபின் வடபுல மலைக்குத் திரும்பும் அன்னச்சேவலை விளித்து, வழியிலே தம் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லுமாறு வேண்டுகின்றார். சத்திமுத்தப் புலவரும் வடக்கு நோக்கிச் செல்லும் நாரையிடம் தம் வறுமையை மனைவிக்கு உரைக்குமாறு தூது விடுக்கின்றார். பறவைகள் தென்புலத்தை விட்டு எழுவதை நம் புலவர் நன்கு கண்டனர். ஆயின், வடபுலத்திலே அவற்றின் வரவை எதிர்நோக்கி நிற்போர் காண்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண, வடபுலத்தின் மேற்கோரமாகிய பிரித்தானிய நாட்டு மேட்டுநிலத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழர் பலர் இன்று வாழும் நாடாதலின், அங்குள்ள எம் பழைய மாணவர்க்கு இஃது ஒரு வழித்துணையாகவும் அமைதல் கூடும்.

வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் மலைச் சரிவுகளின் மேல், மரமற்றுக் காற்று வீசும் பரந்த வெளிகள் உள. இவற்றை ஆங்கிலேயர் 'மூர்' என்பர். ஹெதர் என்னும் ஊதாப்பூப் புதரும், பஞ்சுபோற் பூக்கும் கோரையினமும், பல்லாயிரம் ஆண்டுகளாக உக்கிய தாவரங்கள் படிந்த கரிய ஈரமண்ணும் அந்நிலத்தின் அடையாளங்கள். செம்மறியாடுகள் மேய, இடையர் தம் நாய்களுடன் திரிவர். நம் ஹோட்டன் சமவெளிப் புல்வெளியைக் கண்டவர் அதன் தோற்றத்தை ஓரளவு ஊகிக்கலாம். தமிழ் இலக்கண நூலார் வகுத்தவாறு நோக்கின், ஆயர் வாழும் இம்மேய்ச்சல் நிலத்தை முல்லையோடு ஒப்பிடத் தோன்றும். முல்லைக்குரிய உரிப்பொருள் 'இருத்தல்'; அஃதாவது, வருவார் வருவர் என ஆற்றியிருத்தல். மூர் நிலத்தில் பறவை காண்பார்க்கும் இதுவே முதற் பாடமாகும்.

குளிர்காலத்தில் இந்நிலம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். மார்ச்சு மாதம் பிறந்ததும் நிலை மாறுகின்றது. வளைந்த நீள் அலகுடைய கேர்லியூப் பறவைகள் கடற்கரைச் சேற்றுநிலங்களினின்றும், பொன்னிறப் புள்ளிகளையுடைய உப்புக்கொத்திகள் தாழ்நில வயல்களினின்றும் மேலேறி வருகின்றன. இவை குறுந்தொலைவுப் பயணிகள். கடல் கடந்து வருவனவோ வேறு. எல்லாம் இங்கு வருதற்குக் காரணம் உண்டு. இளவேனிலிலும் முதுவேனிலிலும் அங்கே பகற்பொழுது மிக நீண்டது. ஈரமண்ணிலிருந்து மே, யூன் மாதங்களில் நெடுங்கால் ஈக்கள் திரள்திரளாக வெளிப்படுகின்றன. உப்புக்கொத்திக் குஞ்சுகள் இவ்வீக்களை உண்டே பெரிதும் வளர்கின்றன. ஆகவே, பெற்ற பறவைகள் இந்த உணவுக் காலத்துக்கு முன்னரே வந்து கூடமைத்தல் வேண்டும். காலம் தப்பினால் குஞ்சு பிழைப்பது அரிது.

கடல் கடந்து வருவனவற்றுள் மூன்றினை இங்கு அறிமுகஞ் செய்வோம்.

முதலாவது, வீற்றியர். மார்ச்சு மாதத்தின் நடுப்பகுதியிலேயே தோன்றும் இச்சிறு பறவை, ஆடுகள் மேய்ந்து குறுகிய புற்றரையிலே ஓடுவதும் நிற்பதுமாயிருக்கும். எழுந்து பறக்கும்போது இடுப்பின் மேற்புறம் வெண்மையாய்த் தெரியும். பெயரைக் கேட்டோர் கோதுமையோடும் காதோடும் தொடர்புபடுத்துவர். உண்மையில் அது 'வெண்பின்புறம்' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொற்களின் திரிபாகும். ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள இவ்வினப் பறவைகள், அலாஸ்காவில் இனம்பெருக்குவன உட்பட, குளிர்காலத்தை ஆபிரிக்காவிற் கழிக்கின்றன. அலாஸ்காப் பறவைகள் கிழக்காபிரிக்கா செல்ல ஒருவழிக்கு ஏறக்குறைய 14,500 கிலோமீற்றர் பறக்கின்றன என்பது, அவற்றின் உடலிற் பொருத்திய நுண்கருவிகளால் அறியப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இரண்டாவது, றிங் ஊசல். கரிய உடலும், ஆணின் மார்பிலே வெண்பிறை போன்ற பட்டையும் உடைமையால் இதனைப் 'பிறைமார்பன்' என யாம் வழங்குவோம். மொறொக்கோ நாட்டு அற்லஸ் மலைகளில் சூரைச்செடி போன்ற யூனிப்பர் புதர்களின் கனியுண்டு குளிரைக் கழித்து, மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் வருகின்றது. பாறைப் பிளவும் ஓடைப் பள்ளமும் இதற்குக் கூடமைக்கும் இடங்கள். அருகிலுள்ள குறும்புல் நிலம் மண்புழு தேடும் இடம். விடியலிலே ஒரே ஒலியை மூன்று நான்கு முறை தெளிவாகக் கூவும். கண்ணுக்குமுன் காதுக்கே இது பெரும்பாலும் அகப்படும்.

மூன்றாவது, டொற்றரல். மைனாவையொத்த பருமனும், செம்பழுப்பு வயிறும், பிடரியிற் சந்திக்கும் இரு வெண்புருவங்களும் உடையது. இவ்வினத்தில் பெண்ணே நிறத்தால் மிக்கது. முட்டையிட்டபின் அடைகாத்தல் பெரும்பாலும் ஆணின் கடமை. மனிதரைக் கண்டு எளிதில் அஞ்சாத இயல்பினால் 'பேதை' என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. அவ்வியல்பினாலேயே முற்காலத்தில் உணவுக்காகவும், மீன்தூண்டிலுக்கு வேண்டிய இறகுக்காகவும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டது. ஸ்கொத்லாந்தின் உயர்சிகரங்களுக்குச் செல்லும் வழியிலே சிறு கூட்டமாய்ச் சில குறித்த இடங்களில் ஆண்டுதோறும் தங்கிச் செல்லும். லங்காஷயரிலுள்ள 557 மீற்றர் உயரமான பெண்டில் குன்று அத்தகைய இடங்களுள் ஒன்று. ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை அதன் உச்சியிலே பலர் இதற்காகக் காத்திருப்பர்.

இனி, காத்திருக்கும் முறையைக் கூறுவோம். மலையேறுவோர் வந்து நிலம் கலைவதற்கு முன், விடியற்காலையிலே மேலேறுதல் நன்று. இரவிலே தென்திசைக் காற்று வீசி, விடியலிலே மழையோ மூடுபனியோ வந்தால், பயணம் தடைப்பட்ட பறவைகள் தரையிறங்கியிருக்கக் கூடும். கல்மதில்களின் ஓரத்தையும் குறும்புல் திட்டுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைநோக்கியால் ஆராய்க. நடந்துகொண்டே தேடுவதிலும் ஓரிடத்தில் அமர்ந்து நோக்குவதே பயன் தரும். இங்கிலாந்தின் திறந்த மேட்டுநிலங்களில் மார்ச்சு 1 முதல் யூலை 31 வரை நாயைக் குறுகிய கயிற்றிற் பிடித்துச் செல்லல் வேண்டும் என்பது சட்டம். தரையிற் கூடமைக்கும் பறவைகட்கு அது காவல். டொற்றரலைக் கூட்டருகே தொந்தரவு செய்தலும் சட்டப்படி குற்றமாகும். டார்பிஷயரிலுள்ள ஸ்ரனேஜ் என்னும் பாறைத்தொடரில், பிறைமார்பன் கூடமைத்த இடங்களைப் பாறையேறுவோர் தாமாகவே விலக்கி நடக்கும் வழக்கம் போற்றத்தக்கது.

பல நாள் ஏறியும் ஒன்றும் தோன்றாதிருத்தல் இயல்பு. அங்ஙனமாயின், அந்நாள் வீணாயிற்றோ எனில், இல்லை என்போம். வகுப்பாசிரியர் நாள்தோறும் வரவுப் பதிவேட்டைத் திறக்கும்போது, வந்தோரை மட்டும் குறித்து வாராதோரை விட்டுவிடுவதில்லை. வாராமையும் குறிக்கப்பட்டால் அன்றோ ஒரு மாணவன் நோயுற்றதோ இடர்ப்பட்டதோ தெரியவரும்? பறவைகளின் திறத்தும் இஃது ஒக்கும்.

இவ்வகைப் பதிவேட்டை அந்நாட்டார் நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளனர். நோர்போக்கைச் சேர்ந்த றொபேட் மார்ஷம் 1736 ஆம் ஆண்டு முதல் இளவேனிலின் அறிகுறிகளை, மரம் தளிர்த்த நாளையும் தகைவிலான் குருவி வந்த நாளையும், எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தினர் அவ்வழக்கத்தை 1958 வரை பேணினர். அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பாதிரியார் கில்பேட் வைற், தம் ஊராகிய செல்போர்ன் குன்றுகளிலே பிறைமார்பன் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் தோன்றி மறைவதைக் கண்டு, 1789 இல் வெளியான தம் நூலில் அதனைக் குறித்தார். தகைவிலான் குளிர்காலத்தில் நீர்நிலைகளினுள் உறங்கும் எனக் கற்றோரும் எண்ணிய காலம் அது. அவர் போன்றோர் எழுதிவைத்த நாட்குறிப்புக்களே பின்வந்தோர் உண்மையை நாடும் படிகளாயின.

அப்பதிவுகள் இன்று ஒரு துயரச் செய்தியையும் உரைக்கின்றன. பிரித்தானியாவில் 1987, 1988 ஆம் ஆண்டுகளிலே இனம்பெருக்கிய ஆண் டொற்றரல்கள் ஏறக்குறைய 980 என மதிப்பிடப்பட்டன. 2011 இல் அத்தொகை ஏறக்குறைய 420 ஆகக் குறைந்தது. பிறைமார்பன் 2002 முதலும் டொற்றரல் 2015 முதலும் பெரிதும் கவலைக்குரிய பறவைகளின் செந்நிறப் பட்டியலில் இடம்பெற்றன. உப்புக்கொத்தியின் திறத்தில் ஒரு காரணம் துலங்கியுள்ளது: ஆகத்து மாதம் மிகுவெப்பமாயின் ஈரமண் உலர்ந்து, ஈக்களின் புழுக்கள் மடிகின்றன, மறு இளவேனிலில் குஞ்சுகட்கு உணவு குறைகின்றது. ஒரு கோடையின் வெம்மை அடுத்த ஆண்டின் வரவேட்டிலே வெறுமையாய்ப் பதிகின்றது.

இதனை அறிந்தோர் யாவர்? பெரும்பாலும் ஓய்வுநாளிற் குன்றேறிய ஆசிரியர், எழுதுவினைஞர், தொழிலாளர், மாணவர் முதலாய சாதாரண மக்கள் எழுதிய குறிப்புக்களாலேயே இவ்வறிவு திரண்டது. இருந்ததை எவரும் எழுதாதிருந்தால் இழந்ததை எவர் அறிவார்?

பிரித்தானியாவில் வாழும் எம் பழைய மாணவர் வரும் ஏப்ரலில் தம் மக்களுடன் ஒரு குன்றேறி இருந்து பார்ப்பாராக. இங்குள்ள மாணவர்க்கும் பணி உண்டு. அம்மேட்டுநிலத்திற் கூவும் கேர்லியூவின் இனத்தன, வேறொரு வடபுலத்திலிருந்து வந்து யாழ்ப்பாணக் கடலேரியிலும் மன்னார்க் கரையிலும் மாரியைக் கழிக்கின்றன. அங்கு வரவை எதிர்நோக்கும் பங்குனி, சித்திரை மாதங்களிலே இங்கு நாம் அவற்றுக்கு விடை கொடுக்கின்றோம். ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். நாள், நேரம், இடம், காற்றின் திசை, கண்ட பறவை, அதன் தொகை என்பவற்றை எழுதுக. ஒன்றும் காணாத நாளிலே 'ஒன்றும் இல்லை' என்றும் எழுதுக. இன்று முதலாம் ஆண்டாகத் தொடங்கும் அக்கொப்பி, கல்லூரியின் அடுத்த விழா மலருக்கு எழுதுவோர் கைக்கு எட்டுமாயின், அவர்கள் எம்மினும் தெளிவாக எழுதுவர்.