அயர்லாந்தின் இசை மாலை

மொழி அறியாதவரையும் தன்பால் ஈர்க்கும் ஆற்றல் இசைக்கு உண்டு. அத்தகைய இசையை உயிரெனப் போற்றும் நாடுகளுள் ஒன்று அயர்லாந்து. கெல்ட்டிய மரபு தழைக்கும் அந்நாட்டில் ஊரார் ஒன்றுகூடி இசைத்து ஆடும் மாலைக்குக் 'கேலி' என்று பெயர். நம் வகுப்பில் நாம் செய்யும் கேலி அன்று, தோழியரே! அண்டை வீட்டாரைக் காணச் செல்லுதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள்.

அம்மாலையில் என்னென்ன கருவிகள் ஒலிக்கும்? வயலினும் புல்லாங்குழலும் நாம் அறிந்தவையே. அவற்றோடு தகரக் குழலும், ஆட்டுத்தோல் போர்த்து, சிறு குச்சியால் அடிக்கும் 'பௌரான்' என்னும் பறையும் சேரும். 'இல்லன்' பைக்குழல் தனிச் சிறப்புடையது. இல்லன் என்றால் முழங்கை. வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அழுத்திப் பைக்குக் காற்றூட்டுவர். இக்கருவியை இசைக்கும் கலையை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இனி ஆட்டத்தைக் காண்போம். 'ஜிக்' மும்மூன்றாகத் துள்ளும் தாளம். 'ரீல்' நான்கு எண்ணிக்கையில் விரைந்தோடும் தாளம். 'லிமெரிக் மதில்கள்' என்னும் ஆட்டத்தில் இரண்டு ஜோடிகள் எதிரெதிரே நின்று ஆடுவர். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த ஜோடியை நோக்கித் திரும்புவர். இதனால் ஊருக்குப் புதியவரும் தனித்து நிற்பதில்லை. ஆட்டம் முடிவதற்குள் பலரோடும் கைகோத்துவிடுவார்.

இத்துணை இனிய கலை அழியும் நிலைக்கு வந்தது என்றால் நம்ப முடிகிறதா? 1792இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பழைய யாழ்க் கலைஞர்களைத் தேடி அழைத்தபோது, வந்த அயர்லாந்துக் கலைஞர்கள் பத்துப் பேர் மட்டுமே. அவர்களுள் பலர் பார்வையற்றவர், பலர் முதியவர். எட்வர்டு பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அருகிருந்து அவர்கள் வாசித்த மெட்டுகளை எழுதிக்கொண்டார். அவர் எழுதியிராவிடில் அம்மெட்டுகளுள் பல அம்முதியவர்களோடு மறைந்திருக்கும் அன்றோ?

1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டுச் சென்றனர். பின்னர் 1935இல், பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. இளைஞர்தம் ஒழுக்கம் கெடுமோ என்று அஞ்சிய குருக்களும் அச்சட்டத்தை வேண்டியிருந்தனர். வீடுகளிலும் சாலைச் சந்திகளிலும் நடந்த எளிய ஆட்டங்கள் குறைந்து போயின. நல்லெண்ணத்தோடு செய்த செயலும் ஒரு நற்கலைக்கு ஊறு செய்யக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

எனினும் மக்கள் மனம் தளரவில்லை. 1951இல் முல்லிங்கார் நகரில் கலைஞர்கள் கூடி இசைவிழா எடுத்தனர். அவ்விழா பல ஊர்களில் தொடர்ந்து வளர்ந்துள்ளது. அதில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்க்கும் தனிப் போட்டிகள் உண்டு. முதியோர் கையிலிருந்த கலை சிறுவர் கைக்கு வந்துவிட்டது.

அன்புத் தோழியரே! கலை, கேட்பார் இல்லாதபோதுதான் இறக்கிறது. நம் பாட்டி பாடும் தாலாட்டை நாம் எழுதி வைத்திருக்கிறோமா? இவ்விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் அமர்வோம். இறைவன் நம் முன்னோர்க்கு அளித்த கொடையை அழியாமல் காப்பதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும்.